இந்தியாவில் வானிலை முன்னறிவிப்பு

மழை, புயல், வெப்பம் ஆகியவற்றின் போக்கை முன்கூட்டிக் கணித்து அறிவிக்கும் பணி. இந்தியாவில் இதைச் செய்வது 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை. அளக்கும் வழக்கம் அதற்கும் மூத்தது. வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786இல் சென்னை எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். கம்பெனி அதை ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. அங்கே 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. தமிழிலும் தெலுங்கிலும் கூட எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண், கல்லூரிச் சாலையில் இன்றைய மண்டல வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

அளப்பது வேறு, முன்கூட்டிச் சொல்வது வேறு. சொல்லத் தூண்டியவை சாவுகளே. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் மாண்டனர். மறு ஆண்டே அந்நகரின் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1866இல் ஒடிசாவில் பஞ்சம். இவற்றுக்குப் பிறகுதான் நாடு முழுமைக்கும் ஒரே துறை என்ற எண்ணம் உருப்பெற்று, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் பொறுப்பாளரானார். துறை பிறந்த அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. வரப்போகும் மழை எப்படி இருக்கும் என்று அரசு அவரைக் கேட்டது. இமயமலையில் குளிர்காலப் பனி மிகுந்தால் அடுத்த பருவமழை மெலியும் என்பதே அவர் கண்ட துப்பு. அதை வைத்து 1886 முதல் பருவமழைக் கணிப்பு ஆண்டுதோறும் முறையாக வெளியானது.

அந்தத் துப்பு எப்போதும் கைகொடுக்கவில்லை. 1899இல் நல்ல மழை பெய்யும் என்றார் அடுத்து வந்த ஜான் எலியட். வந்தது கொடும் வறட்சி. அதன் பின் சில ஆண்டுகள் கணிப்புகள் பத்திரிகைகளுக்குத் தரப்படாமல் இரகசியமாக வைக்கப்பட்டன.

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் வானிலை படித்தவரல்லர். கேம்பிரிட்ஜ் கணித மேதை, பூமராங் எறிவதில் பித்துக்கொண்டவர். பனியை மட்டும் நம்பாமல், உலகெங்கும் உள்ள நிலையங்களின் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி, எது எதனோடு ஏறி இறங்குகிறது என்று எண்களாலேயே தேடினார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. இந்தத் தராசு ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் தெற்கு அலைவு. பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோவோடு அதற்குள்ள உறவு விளங்கியது 1960களில். இந்திய மழைக்காகத் தேடிய ஒன்று உலக வானிலை அறிவியலுக்கே அடிப்படையாகிவிட்டது.

வாக்கர் இன்னொன்றும் செய்தார். நாட்டைத் தீபகற்பம், வடமேற்கு, வடகிழக்கு என்று பிரித்துக் கணித்தார். இது அவசியமான காரியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் சராசரி மழை ஏறத்தாழ 87 செ.மீ. ஆனால் அந்தச் சராசரி எல்லா ஊரிலும் பெய்வதில்லை. மேகாலயத்தின் மௌசின்ராமில் ஆண்டுக்குச் சுமார் 1,187 செ.மீ. கொட்டுகிறது, ஜெய்சல்மேருக்கு 20 செ.மீ. கிடைத்தாலே பெரிது. பஞ்சாபின் கோதுமைக்குக் குளிர்கால மழையைத் தருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சலனம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. ‘இந்தியப் பருவமழை இயல்பு’ என்ற தலைப்புச் செய்தியில் அது சேர்வதே இல்லை. இன்று நாடு 36 வானிலை உட்கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடும் புதுவையும் காரைக்காலும் சேர்ந்து ஒரே உட்கோட்டம். மழை மிகுந்த வால்பாறையும் வறண்ட இராமநாதபுரமும் ஒரே கணக்கில் வருவதால், மாவட்டவாரி அறிவிப்பு வந்த பிறகே கணிப்பு உழவருக்குப் பயன்பட்டது.

கடலோர மக்கள் அறிந்த அறிவிப்பு, துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள்; இரவில் அதே செய்தியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் சொல்லும். மொத்தம் 11 எண்கள். 1ஆம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகக்கூடும் என்று பொருள். 8 முதல் 10 வரை பேரபாயம். 11ஆம் எண்ணுக்குப் புயலின் வலிமையோடு தொடர்பில்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் செய்தி.

சுதந்திரத்துக்குப் பின் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யும் வேலையை முன்னெடுத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி. 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் படங்களும், 2002இல் சென்னைக்கு டாப்ளர் ரேடாரும் வந்தன. புயல் கணிப்பு அடைந்த முன்னேற்றத்துக்கு ஒடிசாவே சாட்சி. 1999 பெரும் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தனர்; 2013 பைலின் புயலுக்கு முன்பே பல லட்சம் பேர் வெளியேற்றப்பட, சாவு சில பத்துகளில் நின்றது.

பருவமழைக் கணிப்பு அத்தனை தேறவில்லை. 1988 முதல் 16 காரணிகளை வைத்துக் கணித்த முறை, 2002இல் இயல்பான மழை என்றது. பெய்தது 19 விழுக்காடு குறைவு. மறு ஆண்டே முறை மாற்றப்பட்டது. ஒரே நாளில் ஓர் ஊரில் கொட்டித் தீர்க்கும் மழை அதைவிடக் கடினம். காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து முந்தைய 24 மணி நேரக் கணக்கை எழுதுவது வழக்கம். துறையின் வகைப்பாட்டில் உச்சமான ‘அதி கனமழை’ 20 செ.மீ.க்கு மேல் தொடங்குகிறது. அதற்கு அப்பால் குறிப்பிட்ட அளவு வைத்த வகை கிடையாது. 2023 டிசம்பர் 18 காலை காயல்பட்டினத்தில் பதிவான அளவு 95 செ.மீ.