சென்னைக் கல்வி முறை

சற்று முன்னேறிய மாணவர் பின்தங்கிய மாணவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்படி வகுப்பை அமைக்கும் ஏற்பாடு சென்னைக் கல்வி முறை எனப்படுகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த மதகுரு ஆண்ட்ரூ பெல் (1753–1832) சென்னை எழும்பூரில் இதை நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என மூன்று கண்டங்களில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளை உருவாக்கிய முறை இது. நூலின் பெயரில் சென்னை இருந்தது. முறையின் வேர் அதைவிடப் பழையது.

1623இல் இன்றைய கர்நாடகத்தின் இக்கேரிக்குப் பயணம் போன இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லே, வழியில் ஒரு சிறு கோயிலின் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைக் கண்டார். ஒருவன் பாட்டாகச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து பாடியபடியே தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதினார்கள். ஆசிரியர் இல்லை. பாடம் மறந்துபோனால் யார் திருத்துவார் என்று அவர் கேட்டதற்கு, நான்கு பேரும் ஒரே இடத்தில் மறக்க முடியாது, ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுப்போம் என்று சிறுவர்கள் பதில் சொன்னார்கள். இந்த முறையின் கொள்கை முழுவதும் அந்தப் பதிலுக்குள் அடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இப்படித்தான் நடந்தன. மணலில் அரிச்சுவடி, பிறகு ஓலையில் எழுத்து, எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகிய கணக்கு வாய்ப்பாடுகள் என்று பாடம் ஏறும். எல்லாம் வாய்ப்பாடமாகச் சொல்லி மனத்தில் நிற்க வேண்டும். ஒரே திண்ணையில் ஆறு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்க, ஒரு வாத்தியாரால் அத்தனை பேரிடமும் பாடம் கேட்க முடியாது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான், ஒப்புவிக்கக் கேட்டான், சில இடங்களில் பிரம்பையும் எடுத்தான். இந்தத் திண்ணைகளில் பெண்பிள்ளைகள் மிகச் சிலர். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. இந்தக் கல்வியைப் பெருமையோடு பேசும்போதும் இதை மறைக்கக் கூடாது.

பெல் 1789இல் எழும்பூர் ஆண் அனாதை விடுதியின் கண்காணிப்பாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த சிறுவர்கள் அங்கே வளர்ந்தார்கள். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்த பெல், தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அகரவரிசை வகுப்பை அவர் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைப் பையன் செய்து காட்டினான். அதன்பின் பெல் வகுப்பைச் சோடி சோடியாகப் பிரித்தார். தெரிந்தவன் அருகில் தெரியாதவன். பாடம் சிறு துண்டுகளாக இருக்கும்; ஒரு துண்டு முழுதாக வந்தபிறகே அடுத்தது.

லண்டனில் 1798இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் இதே போன்ற முறையைக் கையாண்டார். ஓர் ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் வாதம். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவரின் ஆதரவாளர்களும் பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். ஆங்கிலத் திருச்சபை பெல் பக்கம் நின்றது. அதன் ஆதரவில் 1811இல் தேசியக் கழகம் உருவாயிற்று. லங்காஸ்டர் பக்கம் திருச்சபையைச் சாராதவர்கள் நின்றார்கள். இந்தப் போட்டியால் ஊருக்கு ஊர் பள்ளிகள் பெருகின. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே பள்ளிகள் நடந்தன. பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த மெட்ராஸ் கல்லூரி இன்றும் பள்ளியாக இயங்குகிறது.

அதே காலத்தில், இந்த முறைக்கு மூலமான உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிய கணக்கும் எடுக்கப்பட்டது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்ட விவரப்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். பெல்லாரி கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் இந்த வழக்கம் பாராட்டுக்குரியது என்றும் இங்கிலாந்து அதைப் பின்பற்றியது பொருத்தமே என்றும் ஒப்புக்கொண்டார். முறையை எடுத்துச் சென்றவர்கள் மறந்துவிட்ட மூலத்தை ஓர் அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார்.

இங்கிலாந்தில் இந்த முறை சரிந்ததற்கு மலிவே காரணம். பள்ளி நடத்தியவர்களுக்குச் சோடியாகக் கற்பதைவிடச் செலவுக் கணக்கு பெரிதாகிவிட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கூடத்தில் கூச்சலிட்டார்கள். பாடம் சொல்லும் பத்து வயதுப் பையனுக்குத் தனக்கே புரியாத பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பு விழுந்தது. 1846இல் ஊதியம் பெறும் மாணவ ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டதும் பழைய ஏற்பாடு மெல்ல மறைந்தது.

கற்பிக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியைக் கல்வி ஆய்வு கையில் எடுக்க 1960கள் வரை ஆனது. நியூயார்க்கில் பின்தங்கிய சிறுவர்களுக்கு உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் வாசிப்புச் சொல்லிக் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்த ராபர்ட் குளோவர்ட், சொல்லிக் கொடுத்தவர்களே அதிகம் முன்னேறினார்கள் என்று 1967இல் காட்டினார். 1982இல் பீட்டர் கோஹனும் குலிக் தம்பதியரும் 65 ஆய்வுகளைத் தொகுத்தபோது இரு தரப்புக்கும் பயன் இருப்பது தெரிந்தது. ஹார்வர்டின் எரிக் மசூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டு, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வைத்தார். பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு படிக்கும்போதே மனம் பாடத்தைக் கோவையாக அடுக்கிக்கொள்கிறது. சொல்லும்போது தடுமாறும் இடம், தனக்குத் தெரியாத இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

தமிழ்நாட்டிற்கு இந்த முறை வேறு வழியாகத் திரும்பியது. பாடத்தைப் படிப்படியான அட்டைகளாக அடுக்கும், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான ஏணி முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007–08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதில் பிள்ளைகள் தாங்கள் எட்டிய அட்டைக்கு ஏற்ப ஆசிரியர் உதவியோடும், சக மாணவர் உதவியோடும், தனியாகவும் கற்கும் குழுக்களில் உட்கார்ந்தார்கள். பழைய திண்ணையில் சட்டாம்பிள்ளை நிரந்தரப் பதவி. இங்கே அட்டை மாறும்போது குழுவும் மாறியதால், ஒரு பாடத்தில் உதவி பெற்ற பிள்ளை இன்னொரு பாடத்தில் உதவுகிறவளாக உட்கார முடிந்தது.