கைக்கும் வாய்க்குமான சம்பளம் (அமெரிக்கா)

வாங்கும் சம்பளம் அடுத்த சம்பள நாளுக்குள் தீர்ந்துபோய், கையில் சேமிப்பு தங்காத நிலை. அவசரமாக வரும் 400 டாலர் செலவைக் கையிருப்பிலிருந்தே சமாளிப்போம் என்று அமெரிக்க மத்திய வங்கியின் 2023 ஆய்வில் சொன்னவர்கள் 63 சதவீதம்தான். ஊதாரித்தனமே இதற்குக் காரணம் என்பது நியாயமற்ற பழி. கூட்டாட்சி அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. வாடகையும் மருத்துவச் செலவும் குழந்தைக் காப்பகக் கட்டணமும் அப்படி நிற்கவில்லை. பேருந்து வசதியற்ற ஊர்களில் கார் பழுதானால் வேலைக்கே போக முடியாது. அந்த நெருக்கடியில் பலர் நாடுவது, அடுத்த சம்பள நாளில் அடைக்க வேண்டிய ‘பேடே’ கடன். இரண்டு வாரத்துக்கு 100 டாலர் வாங்கினால் பொதுவாக 15 டாலர் கட்டணம். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறத்தாழ 400 சதவீதம். அடைக்க முடியாதவர்கள் மறுபடி கட்டணம் கட்டித் தவணையை நீட்டிக்கிறார்கள்.