எதை வைப்பது? எதை அழிப்பது?



செமஸ்டர் முடிந்த கையோடு ஒரு பெரிய வேலையில் இறங்கினேன். செல்போனில் இடமில்லை. ஒரு போட்டோ எடுக்கக்கூட விடாமல் அடம் பிடித்தது. சரி, வேண்டாததை அழிப்போம் என்று உட்கார்ந்தால், மூன்று மணி நேரத்தில் நான் அழித்தது பதினோரு 'குட் மார்னிங்' படங்கள் மட்டுமே!

என்னை மாட்ட வைத்தது 2023 டிசம்பர் படங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்ததே, அப்போது எண்ணூரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய் எடுத்தவை. கறுத்துப் போன படகு, வலை, கரையோரச் செடிகள் என்று நாற்பது படங்கள். பார்க்கவே பிடிக்கவில்லை. அழித்துவிடலாமா?

யோசித்துப் பார்த்தால், இது செல்போன் வந்த பிறகு வந்த பிரச்சினை இல்லை. நம் தாத்தாவுக்குத் தாத்தாவுக்கும் இருந்தது.

பனை ஓலைக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், ஒடியும். அது முழுதாகப் போவதற்குள் யாராவது புது ஓலையில் பார்த்து எழுத வேண்டும். அதுதான் அந்தக் காலத்து பேக்கப். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு நூலை ஒழிக்க யாரும் அதைக் கிழிக்கத் தேவையில்லை. பிரதி எடுக்காமல் இருந்தாலே போதும், தானாக அழிந்துவிடும். பதிற்றுப்பத்தை உ.வே.சாமிநாதையர் 1904ல் பதிப்பித்தபோது முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

தெரிந்தே அழித்ததும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடுகள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சா. தேடிப் போகிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டோம் என்று அங்கே சொல்கிறார்கள். அதுதான் முறை என்று நம்பிச் செய்திருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இடத்தை அடைக்கும் பழசை மரியாதையாக ஒழித்தார்கள், அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அரசாங்கத்துக்கும் இதே தலைவலி. சென்னை மாகாண அலுவலகங்களில் இதற்கென்றே ஒரு முறை வந்தது. ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள். 'ஆர்.டிஸ்' என்றால் நிரந்தரம். 'டி.டிஸ்' பத்து வருடம், 'கே.டிஸ்' மூன்று வருடம், 'எல்.டிஸ்' ஒரு வருடம். நாங்கள் பி.காம். வகுப்பில் படிப்பதும் இந்த மாதிரிதான். 2013ஆம் வருடத்து கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் ஒரு தாள் நாளைக்கு எதற்கு உதவும் என்பதை இன்றைக்கே முடிவு செய்யச் சொல்கிறது.

அந்த முடிவு எவ்வளவு தப்பாகலாம் என்று தெரிய ரோஜா முத்தையாவைப் பாருங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். பெயர்ப்பலகை எழுதும் தொழில். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் சேர்த்தார். 1992ல் அவர் காலமானார். 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கினாலும் அமெரிக்காவுக்குக் கொண்டு போகவில்லை. இன்று தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அந்தக் காலத்துக் கல்யாணச் செலவையும் நாடகச் செலவையும் ஆராய வருகிறவருக்கு அந்த நோட்டீஸ்தான் ஆதாரம்.

சேர்த்தால் மட்டும் போதுமா? போதாது. 1981ல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. அவற்றை மறுபடி வாங்க முடியாது.

இப்போது நம்ம எண்ணூருக்கு வருகிறேன். 1996ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய பகுதியாகக் காட்டப்பட்டிருக்கிறது. பின்னால் வந்த வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியையே காணவில்லை என்று 2017ல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் குற்றம் சாட்டினார்கள். அப்படிக் கேட்க முடிந்ததே பழைய வரைபடம் கையில் இருந்ததால்தான். 'புதுசு வந்தாச்சு, பழசு எதுக்கு?' என்று எல்லோரும் விட்டிருந்தால், கழிமுகம் அங்கே இருந்தது என்று வாயால்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆக, நான் எனக்கு வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. இது என்னிடம் மட்டும் இருக்கிறதா? சினிமா, பாட்டு, சிலபஸ் எல்லாம் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. நான் அழித்தாலும் நஷ்டமில்லை. என்னிடம் மட்டும் இருப்பது அழகாக இல்லாவிட்டாலும் இருக்கட்டும். ஒரே இடத்தில் இருக்க வேண்டாம்.

ஆறு சினிமாவை அழித்தேன், இடம் கிடைத்துவிட்டது. அந்த நாற்பது படங்களையும் பென் டிரைவில் ஒன்று, கோயம்புத்தூரில் படிக்கும் மாமா பையனிடம் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்தாகிவிட்டது.

இன்னொரு வேலை பாக்கி. எந்தப் படம் எந்த இடம் என்று எனக்கே மறந்து போச்சு. இடமும் தேதியும் இல்லாத படம் நாளைக்கு யாருக்கு உதவும்? வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதப் போகிறேன். உங்கள் போனிலும் இப்படி ஏதாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.