நாட்டு ஓடும் ஸ்பிளிட் ஏசியும்

கும்பகோணம், திருவையாறு, தஞ்சை மேலவீதி என எங்கு நடந்தாலும் இன்று கண்ணில் படுவது இது: இரட்டை அடுக்காக வேய்ந்த நாட்டு ஓட்டுச் சரிவுக்குக் கீழே, இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும் ஏசியின் அவுட்டோர் யூனிட். முன்னது காற்றைப் போகவிட்டுக் குளிர்விப்பது. பின்னது காற்றை அடைத்துவைத்துக் குளிர்விப்பது. அடிப்படையிலேயே எதிரெதிரான இந்த இரண்டும் பழுதாகும் விதத்தில் மட்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகின்றன.

முதலில் வேற்றுமையைப் பார்ப்போம். ஓடுகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் வழியாகக் கூடத்தின் சூடு மேலேறி வெளியேறுகிறது; முற்றத்தின் வழியாகப் புதுக்காற்று வருகிறது. அந்த இடுக்குதான் கூரையின் பலம். ஏசிக்கோ அதே இடுக்கு நஷ்டக் கணக்கு. கூடத்தில் ஏசியை மாட்டினால் முற்றத்துக்கு மேலே தெரியும் வானத்தையும் சேர்த்துத்தான் குளிர்விக்க வேண்டிவரும். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஓட்டு வீட்டால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. அது வெப்பத்தைத் தணிக்கும், ஈரத்தைத் தணிக்காது. அக்னி நட்சத்திரத்து இரவில் காற்று அசையாமல் நின்றுவிட்டால் முற்றமும் கைவிரித்துவிடும். ஏசி அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக வடித்து வெளியே தள்ளுகிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்போடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டும் டெல்டாக்காரருக்கு ஈரத்தின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. முதியவர்கள் இருக்கும் வீட்டில் ஏசியை ஆடம்பரம் என்று ஒதுக்குவது சரியல்ல என்பதே என் கருத்து.

இனி ஒற்றுமை. கூரை ஒழுகுகிறது என்றால் கைதேர்ந்தவர் எடுத்தவுடன் ஏணியைத் தேடமாட்டார். பட்டப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு, உள் இருட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடத்தில் ஓடு விலகியிருக்கும். சுவரில் நீர் வடிந்த தடமோ அங்கிருந்து சில அடி தள்ளி இருக்கும்; ரீப்பர் வழியாக ஓடிவந்த தண்ணீர் வேறொரு இடத்தில்தான் இறங்கும். நல்ல மெக்கானிக் செய்வதும் இதுதான். கேஸ் ஏற்றுவதற்கு முன், செப்புக் குழாய் சேரும் நட்டில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் எழுகிறதா என்று காத்திருப்பார். ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று சொல்வது வழக்கம். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகத் தீராது, கசிந்துதான் குறையும். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவதும், ஓட்டைப் பிரித்து அடுக்காமல் சந்தில் சிமெண்ட் பூசுவதும் ஒரே தவறுதான். இரண்டும் அடுத்த பருவம்வரைகூடத் தாங்குவதில்லை. கூரையைக் கலைப்பது குரங்கு. அவுட்டோர் யூனிட்டின் போர்டைப் பழுதாக்குவது உள்ளே புகுந்த பல்லி. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் தேடுவதுபோலப் பங்குனிக்கு முன் ஏசி சர்வீசுக்கும் ஆள் தேடுகிறோம். இரண்டு வேலையிலும் பிந்தினால் ஆள் கிடைப்பதில்லை.

பழையதை அகற்றிப் புதியதை வைக்கும்போதும் இந்த உறவு தொடர்கிறது. நாட்டு ஓட்டின் இடத்தில் சீமை ஓட்டை அப்படியே வைக்க முடியாது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையின் வழிவந்த அந்த ஓட்டுக்கு ரீப்பரின் இடைவெளியே வேறு. ஆர்-22 கேஸில் ஓடிய பழைய ஏசியில் ஆர்-32 ஏற்றவும் முடியாது. அழுத்தம் கூடுதல், எண்ணெய் வேறு, தீப்பற்றும் தன்மையும் சற்று உண்டு. ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக விலக்கப்படுகிறது. ஆகவே கம்ப்ரசர் போன பழைய ஏசிக்குச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்குவது மேல். ஓட்டில் நான் நேர்மாறாகச் சொல்வேன்: நாட்டு ஓடு கிடைக்கும்வரை பிரித்து அடுக்குங்கள், மாற்றாதீர்கள். இரண்டு அடுக்குக்கும் நடுவில் நிற்கும் காற்று தரும் காப்பு, ஒற்றை அடுக்குச் சீமை ஓட்டில் கிடைக்காது.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி ஓடுகளைச் சிதறடித்தது. அப்படி ஓட்டை இழந்து கான்கிரீட்டுக்குப் போன வீடுகளில் கணக்கு வேறு. தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு, படுக்கும் நேரத்தில் திருப்பித் தருகிறது. ஏசி அதோடு மோத வேண்டியிருக்கிறது. அங்கே பெரிய ஏசி வாங்குவதற்கு முன் தளத்துக்கு வெள்ளை அடிப்பதோ தட்டோடு பதிப்பதோ நல்லது.

எதிர்பாராத பொருத்தம் ஒன்று பழைய வீட்டுக்குள்ளேயே காத்திருக்கிறது. நெல்லையும் நகையையும் காக்கக் கட்டிய காமிரா உள்ளில் பெரும்பாலும் தடித்த சுவர், ஒரே சிறு ஜன்னல், ஓட்டுக்குக் கீழே மரப்பலகை மச்சு. வெளிக்காற்று புகாமல் பொருளைக் காக்கத் திட்டமிட்ட அறை, ஏசி கேட்கும் அறையாகவே அமைந்துவிட்டது. மச்சுப் பலகைச் சந்துகளை அடைத்து, தனி ஒயரும் எர்த்தும் இழுத்துவிட்டால் சிறிய இயந்திரமே அங்கே போதும். 2020 முதல் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. மச்சு உள்ள அறையில் அதற்குக் கீழே இறக்கத் தேவை வருவது அரிது.

அவுட்டோர் யூனிட்டை மட்டும் முற்றத்தில் வைக்கக் கூடாது. நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த குழியில் அது விடும் அனலையே திரும்ப இழுக்கும், கூடமும் வெந்துபோகும். கொல்லைச் சுவரில் நிழல் விழும் பக்கத்தில் மாட்டினால், குழாய் சில அடி நீண்டாலும் இரண்டு குளிர்ச்சியும் ஒன்றையொன்று கெடுக்காது.