ஈதர்நெட் வழி மின்வழங்கலில் திறன் திட்டமிடல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

லேன் கேபிள் ஒன்றின் வழியாகவே தரவையும் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் முறை ஈதர்நெட் வழி மின்வழங்கல் எனப்படும். களத்தில் இதன் பெயர் பிஓஇ. ஐபி கேமரா, வைஃபை அக்சஸ் பாயிண்ட், ஐபி தொலைபேசி, விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி போன்றவை இதில் இயங்குகின்றன. இவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கும், சுவிட்ச் அதைத் தருமா, கேபிள் தாங்குமா, மின்நிறுத்தத்தில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் திறன் திட்டமிடல். போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து சுவிட்ச் வாங்குவதால் வரும் கோளாறுகள் ஏராளம். எண்ண வேண்டியது வாட். அதிலும் இரவு நேர வாட்.

மாவட்டச் சூழல்

பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் தனியானது. இரண்டிலும் சேர்த்து 322 கிராம ஊராட்சிகள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கொண்டுசெல்லும் பாரத்நெட் பணியை மாநிலத்தில் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மேற்கொள்கிறது. இழை ஊருக்குள் வந்த பிறகு, கட்டடத்துக்குள் அதைப் பகிரும் வேலை பெரும்பாலும் ஒரு பிஓஇ சுவிட்சின் தலையில் விழுகிறது. பள்ளி, ஊராட்சி அலுவலகம், திருமண மண்டபம், நகைக்கடை என இடம் எதுவானாலும் கணக்கு ஒன்றே.

48 வோல்ட்டின் பின்னணி

மின்சாரம் போன பிறகும் பழைய தரைவழித் தொலைபேசி மணியடித்ததை நடுவயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொலைபேசி நிலையத்திலிருந்த 48 வோல்ட் பேட்டரி, பேச்சு வந்த அதே கம்பி வழியாக மின்சாரத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தது. 2003இல் வந்த ஐஇஇஇ 802.3 ஏஎஃப் தரநிலையும் ஏறத்தாழ அதே அழுத்தத்தையே, 44 முதல் 57 வோல்ட் வரை, எடுத்துக்கொண்டது. ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். 2009இன் ஏடி தரநிலை அதை 30 வாட் ஆக்கியது. 2018இல் வந்த பிடி தரநிலை நான்கு இணைக் கம்பிகளையும் பயன்படுத்தி 60, 90 வாட் வரை உயர்த்தியது.

இந்த எண்கள் சுவிட்ச் முனையில் உள்ளவை. கருவியின் கைக்கு வருவது குறைவு: 15.4க்கு 12.95, 30க்கு 25.5, 90க்கு 71.3 வாட். இடையிலுள்ளது கேபிள் சூடாகிக் கரைந்துபோகும் மின்சாரம். ஏடி வகையில் மின்னோட்டம் 0.6 ஆம்பியர், நூறு மீட்டர் தடத்துக்கு மிக மோசமான நிலையில் மின்தடை 12.5 ஓம் என்று தரநிலை வைத்திருக்கிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 4.5 வாட்; 30இல் அது போக 25.5. கருவியின் பெட்டியில் 25 வாட் என்று அச்சிட்டிருந்தால் சுவிட்ச் பக்கம் 30 ஒதுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒதுக்கீடும் உண்மை நுகர்வும்

கேபிளைச் செருகியதும் சுவிட்ச் முழு அழுத்தத்தைத் தந்துவிடாது. முதலில் பத்து வோல்ட்டுக்குள்ளான சிறு அழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை தெரிகிறதா என்று பார்க்கும். தெரிந்தால்தான் அது பிஓஇ கருவி. பிறகு அதன் வகுப்பைக் கேட்கும்: வகுப்பு 1 என்றால் 4 வாட், 2 என்றால் 7, 3 என்றால் 15.4, 4 என்றால் 30. வகுப்பைச் சொல்லாத கருவி வகுப்பு 0; அதற்கும் 15.4 வாட் ஒதுக்கப்படும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எட்டு போர்ட், மொத்தம் 65 வாட் தரும் சுவிட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது வகுப்பின்படி ஒதுக்கும் வகையாக இருந்தால், 5 வாட் மட்டுமே இழுக்கும் வகுப்பு 0 கேமராக்களை மாட்டினாலும் நான்கோடு நின்றுவிடும், நான்குக்கே 61.6 வாட் கணக்கில் போய்விட்டது. உண்மை நுகர்வை அளந்து கொடுக்கும் வகையாக இருந்தால் எட்டும் எரியும், பகல் முழுக்க. எட்டைந்து நாற்பது வாட்.

பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கும்போது கேமராவுக்குள் வடிகட்டி ‘டிக்’ என்று நகர்கிறது, லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் மங்கிய செம்புள்ளிகளாக எரியத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் இப்போது 9 வாட். எட்டும் சேர்ந்தால் 72. சுவிட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டை, பெரும்பாலும் கடைசி எண்ணுள்ளதை, அணைக்கிறது. சுமை குறைந்ததும் அதையே மீண்டும் எழுப்புகிறது. கேமரா ஒரு நிமிடம் போலத் துவங்கி, விளக்கை எரித்து, மறுபடி அணைகிறது. விடிய விடிய இதே கதை. காலையில் ஆள் வந்து பார்க்கும்போது எட்டும் நன்றாக ஓடும். கேமராவில்தான் கோளாறு என்று புதிதாக மாற்றுவார்கள். அன்று இரவும் அதே போர்ட் அணையும். வாசலையும் கல்லாவையும் பார்க்கும் கேமராக்களுக்கு முன்னுரிமையை உயர்த்தி வைத்தால் குறைந்தபட்சம் முக்கியமானவை தப்பும். ஆனால் அது தற்காலிகமே. தீர்வு பெரிய சுவிட்ச்.

ஒரு மாதிரிக் கணக்கு

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 12 கேமரா, 3 அக்சஸ் பாயிண்ட், 4 ஐபி தொலைபேசி என்று வைப்போம். இரவில் கேமராவுக்கு 9, அக்சஸ் பாயிண்ட்டுக்கு 18, தொலைபேசிக்கு 4 வாட். 108, 54, 16, மொத்தம் 178. கேபிள் இழப்புக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 196. அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் கேமரா கூடும் என்று கால்பங்கு சேர்த்தால் 245. 250 வாட் சுவிட்ச் விளிம்பில் நிற்கும். 24 போர்ட் சுவிட்சுகளில் பரவலாகக் கிடைக்கும் 370 வாட் அளவே இங்கே பொருந்தும். அந்த எண்ணும் 24ஐ 15.4ஆல் பெருக்கி வந்ததுதான்.

மின்நிறுத்தமும் பேட்டரியும்

துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மின்வாரியம் முன்னறிவிப்புடன் செய்யும் மின்நிறுத்தம் காலை ஒன்பது மணிவாக்கில் தொடங்கி மாலை வரை நீள்வதுண்டு. அது பகல் சுமை. அதே பள்ளியில் பகலில் கேமராவுக்கு 5 வாட் என்றால், கேபிள் இழப்புடன் 143 வாட். சுவிட்ச் தன் தேவைக்கு எடுப்பதாக 25 வாட், மின்வழங்கியின் செயல்திறன் 88 சதவீதம் என்று கொண்டால் சுவரிலிருந்து 191 வாட். பதிவுப்பெட்டியும் ஃபைபர் மோடமும் 40 வாட். ஆக 231.

வீட்டு இன்வெர்ட்டரோடு வரும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,800 வாட் மணி இருக்கிறது. எண்பது சதவீதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது. இன்வெர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது சுமார் 1,220. பகலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல், இரவுச் சுமையில் நான்கு மணி நேரம் போல. பேட்டரிக்கு வயதானால் இதுவும் சுருங்கும். எட்டு மணி நேர மின்நிறுத்தத்தைத் தாண்ட இரண்டு பேட்டரி வேண்டும்; மின்சாரம் போனதும் அக்சஸ் பாயிண்ட்டுகளை அணைக்கும்படி சுவிட்சில் சொல்லி வைத்தால் ஒரே பேட்டரி அதற்குச் சற்று முன்பு வரை தாங்கும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வைப்பதும் அவசியம். சாதாரண நிலையில் மின்மாற்றத்துக்கு எடுக்கும் இடைவெளியிலேயே சுவிட்ச் மறுதொடக்கம் ஆகி, அத்தனை கேமராவும் ஒன்றாக விழுந்து எழும்.

கேபிளும் வெயிலும்

சந்தையில் மலிவாகக் கிடைக்கும், செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி பிஓஇக்கு ஆகாது. அதன் மின்தடை சுத்தச் செம்பைவிட ஒன்றரை மடங்கு அளவுக்கு அதிகம். கிரிம்ப் செய்த இடத்தில் எளிதில் முறியும். கேட் 5இ, கேட் 6 தரநிலைகள் அதை ஏற்பதும் இல்லை. சுருளின் எடையைத் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும். சில ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்த இதை வாங்குவது, சுவர் பூசி முடித்த பிறகு முழுக் கேபிளையும் உருவும் செலவில் கொண்டுபோய் விடும்.

செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் இந்த ஊர்களில், தகரக் கூரைக்கு அடியில் ஓடும் கேபிள் ஐம்பதைத் தொடலாம். இருபது டிகிரியில் போட்ட கணக்கைவிட அங்கே மின்தடை பன்னிரண்டு சதவீதம் கூடுதல். கேபிள்களைப் பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் உள்ளவை இன்னும் சூடேறும். சுவிட்சைக் காற்றோட்டமில்லாத இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தால் அதன் மின்வழங்கியே முழுத் திறனைத் தர மறுக்கும்.

தொலைவு

நூறு மீட்டர் என்பது எல்லை. கீழப்பழுவூர், தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் பகுதிகளில் உள்ளவை போன்ற சிமென்ட் ஆலைகளின் கன்வேயர் நீளத்துக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் பரப்புக்கும் அது எட்டாது. இடையில் எக்ஸ்டெண்டர் மாட்டலாம். ஆனால் அது தானும் சில வாட் தின்று, நீளும் கேபிளின் இழப்பையும் கூட்டுவதால் கடைசிக் கேமராவுக்கு மிச்சம் குறைகிறது. சுழலும் கேமரா 25 வாட் கேட்கும் இடத்தில் அது உதவாது. கண்ணாடியிழையைக் கம்பம் வரை கொண்டுபோய், அங்கே தூசி புகாத பெட்டியில் சிறு பிஓஇ சுவிட்ச் வைத்து, அதற்கெனத் தனி மின்கணக்குப் போடுவதே ஏற்ற வழி. சிமென்ட் தூசி விசிறியை அடைத்துவிடும் என்பதால் விசிறியில்லாத சுவிட்ச் நல்லது; அத்தகையவற்றின் மொத்த வாட் பொதுவாகக் குறைவு என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இழைக்கு இன்னொரு நன்மை உண்டு. சித்திரை, வைகாசியின் இடிமழையில் கம்பத்துக் கேமரா வழியாக வரும் மின்எழுச்சி செம்புக் கேபிளைப் பிடித்து சுவிட்ச் வரை வந்து பல போர்ட்டுகளை ஒரே நேரத்தில் எரித்துவிடக் கூடும். இழை அதைக் கடத்தாது. செம்பே ஓடும் இடங்களில் இரு முனையிலும் பிஓஇக்கான மின்எழுச்சித் தடுப்பானும், உண்மையில் மண்ணைத் தொடும் எர்த்தும் தேவை. பாறையும் சுண்ணாம்பும் கலந்த வறண்ட தரையில் எர்த் குழியைக் கோடைக்கு முன் அளந்து பார்த்து, தேவைப்பட்டால் ஆழப்படுத்த வேண்டும்.