கோயில் நிலமும் கோமகன் கையொப்பமும்

கி. பி. 1560ஆம் ஆண்டை யாழ்ப்பாணச் சரித்திரம் படித்தோர் மறவார். கோவாவிலிருந்து போர்த்துக்கீசப் பிரதிராசா தொன் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெருங் கப்பற் படையோடு வந்து நல்லூரைத் தாக்கிய ஆண்டு அது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், உலகத்தின் மற்றொரு கோடியிலே, ஸ்கொத்லாந்து என்னும் குளிர் நாட்டின் பாராளுமன்றம் கூடி, இனி எங்கள் நாட்டில் பாப்பரசருக்கு அதிகாரம் இல்லை என்று விதித்தது. இவ்விரண்டு செய்திகளுக்கும் நேரே தொடர்பு யாதும் இல்லை. ஆயினும் இரு நாட்டிலும் அதன்பின் எழுந்த கேள்வி ஒன்றே: கடவுளுக்கென்று முன்னோர் விட்ட நிலம் இனி யாருக்கு?

ஸ்கொத்லாந்தின் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன். அது நம் கதையை அளந்து பார்க்க ஓர் அளவுகோலாக உதவும்.

அந்நாட்டுத் திருச்சபை அரசனிலும் செல்வம் மிக்கது. அதன் ஆண்டு வருவாய் அரசனுடைய வருவாயைப் போலப் பத்து மடங்கு இருந்தது என மதிப்பிடுவோர் உளர். சமயச் சீர்திருத்தம் வருமுன்னரே அச்செல்வத்தின்மேற் பலருக்கும் கண். ஐந்தாம் யேம்ஸ் மன்னன் முறைப்படி மணவாத மாதர் வயிற்றிற் பிறந்த தன் மைந்தர்க்குப் பெரிய பெரிய மடங்களை வாங்கிக் கொடுத்தான். பால்மணம் மாறாத பிள்ளைகள் மடாதிபதிகளாயினர்! செபமும் தவமும் துறவிகளுக்கு. குத்தகையும் வாரமும் பிரபு வீட்டுக்கு என்றாயிற்று.

பின்னர் 1587ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதினனாகிய ஆறாம் யேம்ஸ் மன்னன், திருச்சபை நிலங்கள் யாவும் முடிக்கு உரியன என்று சட்டஞ் செய்வித்தான். அரசு தன் செலவைத் தானே தாங்கினால் குடிகள்மேல் வரி சுமத்த வேண்டாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நல்ல நியாயந்தான். ஆனால் நிலம் முடியின் கையில் நெடுநாள் நில்லவில்லை. அதே ஆண்டிலேயே பெயிஸ்லி மடத்து நிலம் குளோட் ஹமில்ற்றன் என்பவருக்குப் பிரபுப் பட்டத்தோடு உரித்தாயிற்று. நியூபற்றில் மடம் கேர் குடும்பத்தாரிடஞ் சென்றது. பழைய ஸ்கொத்லாந்து மன்னர்கள் முடிசூடிய ஸ்கோன் என்னும் இடத்து மடம், 1600ஆம் ஆண்டுச் சதிக்குப் பின் அரசனுக்கு வேண்டியவராகிய டேவிட் மரே என்பவருக்குக் கிடைத்தது. அவர் குடும்ப வழியில் வந்த மான்ஸ்பீல்ட் பிரபுக்கள் இன்றும் அம்மாளிகைக்கு உடையவர்கள். கொடுத்த மன்னனே பின்னர்த் தன் மகனுக்கு எழுதிய புத்திமதி நூலில் அந்த 1587ஆம் ஆண்டுச் சட்டத்தை இகழ்ந்து, வாய்ப்பு வந்தால் அதனை நீக்கிவிடு என்று சொல்லியிருப்பது நகைப்புக்கு இடமானது.

நீக்க முயன்றவன் இளைய மகன் சாள்ஸ். 1625இல் அரியணை ஏறிய கையோடு, 1540க்குப் பின் கொடுத்த கொடைகளை எல்லாம் மீளப் பெறுவேன் என்று அறிவித்தான். முழுவதையும் பறிப்பது அவன் எண்ணமன்று. நட்டஈடு கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. ஆயினும் நிலமுடையோர் நெஞ்சில் விழுந்த அச்சம் போகவில்லை. 1638இல் குருமார் அரசனை எதிர்த்து உடன்படிக்கை எழுதியபோது, பிரபுக்கள் அவர்கள் பக்கம் நின்றதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். திருச்சபை நிலத்தை உண்ட குடும்பங்கள் அனைத்துக்கும் பழைய சமயம் திரும்பி வராமை வேண்டியிருந்தது. ஆகவே அரசன் நிலம் கொடுத்துத் தனக்கு நண்பரைத் தேடினான்; தேடிக்கொண்டது சீர்திருத்த சமயத்துக்குக் காவலரை. அறுவடைக் களத்தில் நின்ற உழவனோ, முன்னர்க் குருவுக்கு அளந்த பத்திலொரு பங்கைப் பின்னர்ப் பிரபுவுக்கு அளந்தான்.

இனி நம் தீவுக்கு வருவோம். கோட்டை இராச்சியத்தின் கடைசி மன்னன் தர்மபாலன். பாட்டன் ஏழாம் புவனேகபாகு 1551இல் இறந்தபின் போர்த்துக்கீசர் துணையால் முடி பெற்றவன். 1557இல் ஞானஸ்நானம் பெற்றுத் தொன் ஜுவான் ஆனான். ஆனதும், களனி விகாரை முதலாகப் பௌத்த விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய நிலங்களைப் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தான். ஊரிற் கலகம் மூண்டது.

ஸ்கொத்லாந்துக்கும் கோட்டைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே ஊன்றிக் காண்க. யேம்ஸ் தன் நாட்டுப் பிரபுக்களுக்குக் கொடுத்தான். தர்மபாலன் கடல் கடந்து வந்த சபைக்குக் கொடுத்தான். அந்தக் கொடையைக் காக்கத் தன் வாளை எடுக்கக்கூடிய குடும்பம் ஒன்றேனும் நாட்டுக்குள் இல்லை. முதலிகளும் படைவீரரும் அவனைக் கைவிட்டுச் சீதாவக்கை மன்னரிடம் சென்றார்கள். 1565இல் கோட்டை நகரையே விட்டுக் கொழும்புக் கோட்டைக்குள் ஒதுங்க நேர்ந்தது. கொடை ஏட்டில் இருந்தது. வயல் சீதாவக்கையின் கையில் இருந்தது. கொடுக்கப் பழகிய அந்தக் கை 1580இல் இராச்சியம் முழுவதையும் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தது. 1597இல் அவன் இறந்தபோது அந்தச் சாசனம் செல்லுபடியாயிற்று.

இவ்விடத்தில் நம் பக்கத்துக் கணக்கையும் மறைக்காமற் காட்டுவது முறை. அக்காலத்தில் வலிமை பெற்றிருந்த சீதாவக்கை முதலாம் இராஜசிங்கன் சைவஞ் சார்ந்தான் என்றும், சிவனொளிபாதத்தின் வருவாயைப் பிக்குகளிடமிருந்து எடுத்துச் சைவ ஆண்டிகளுக்குக் கொடுத்தான் என்றும் சூளவம்சம் கூறுகிறது. அது பௌத்தர் எழுதிய நூல், ஆகையால் மிகைப்படுத்தியது என்று தள்ளிவிடுவது எளிது. நான் தள்ளமாட்டேன். பெற்றவர் நம்மவர் என்பதால் பறித்தது தர்மமாகிவிடாது.

இராஜசிங்கன் 1593இல் இறக்க, போர்த்துக்கீசர் கோட்டை நாட்டைத் திரும்பப் பிடித்தனர். பழைய கோயில் ஊர்கள் துறவிகளுக்கா, போர் புரிந்த வீரர்க்கா, அரசனது திறைசேரிக்கா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு எழுந்தது. ஊர்கள் பலவற்றைப் போர்த்துக்கீசக் குடும்பத்தாருக்கும், துணை நின்ற முதலிகளுக்கும், மூன்று ஆயுட்காலத்துக்கு என்று குறித்துக் கொடுத்தார்கள். எந்த ஊர் யாரிடம், இறை எவ்வளவு என்று ஏடு எழுதினார்கள். நம் பாட்டன்மார் காணித் தகராற்றில் "தோம்பைப் பார்" என்பார்களே, அந்தத் தோம்பு என்ற சொல் போர்த்துக்கீசர் விட்டுப்போனது.

நமக்கு மிக நெருங்கிய வழக்கு சிலாபத்துக்கு அணித்தாகிய முன்னேசுவரம். ஆறாம் பராக்கிரமபாகு, பதினைந்தாம் நூற்றாண்டிற் கோட்டையிலிருந்து ஆண்டவன், பௌத்தன். தன் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டில் முன்னேசுவரத்துக்கு நிலம் உறுதிசெய்து வடமொழியிலும் தமிழிலும் கல்லிற் பொறிப்பித்தான். அந்தக் கல்லெழுத்து இன்றும் அக்கோயிலில் உண்டு. யாழ்ப்பாணத்தை வெல்லச் செண்பகப் பெருமாளை அனுப்பிய அரசனும் இவனே. செண்பகப் பெருமாள் பின்னர்ப் புவனேகபாகு என்ற பெயரோடு கோட்டையில் முடிசூடினான். நல்லூர்த் திருவிழாவிற் கட்டியம் சொல்லும்போது புவனேகபாகுவின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவன் இவனே என்று கொள்வாரும் உளர்.

அக்கல்லிலே பொறித்த கொடையைப் போர்த்துக்கீசர் பொருட்படுத்தவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கோயிலை இடித்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் நிலத்தை இயேசு சபையார் பெற்றார்கள். அவர்களாவது நெடுங்காலம் ஆண்டார்களா? 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததோடு போர்த்துக்கீசர் ஆட்சி இத்தீவில் ஒழிந்தது. ஒல்லாந்தர் சீர்திருத்த சமயத்தார். ஸ்கொத்லாந்தார் தழுவிய கல்வின் கொள்கையே அவர்களதும். கத்தோலிக்கக் குருமாரை ஓட்டி, அவர்களுடைய ஆலயங்களைத் தம்முடையன ஆக்கிக்கொண்டார்கள். பறித்துப் பெற்ற நிலம் நூறாண்டுக்குள் பறிபோயிற்று. ஸ்கோன் மாளிகையில் நானூறு ஆண்டு ஒரே குடும்பம். முன்னேசுவரத்தில் இயேசு சபையார் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை. ஊரவருள் வேர் கொண்ட உரிமைக்கும் கொள்ளாத உரிமைக்கும் உள்ள தூரம் இதுதான்.

முன்னேசுவரத்தை மீள எழுப்பியவன் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், ஆண்டு 1753. நிலமும் கொடுத்தான். சிவனொளிபாதத்தை ஆண்டிகளிடமிருந்து எடுத்துப் பிக்குகளுக்குத் திருப்பிக் கொடுத்தவனும் இவனே. இரண்டு கொடையையும் ஒரே மன்னன் செய்தான் என்பதைச் சேர்த்துச் சொல்வோர் அரியர். ஒருசாரார் ஒன்றையும், மறுசாரார் மற்றதையுமே நினைவில் வைக்கிறார்கள்.

நல்லூருக்கு அப்படி ஒரு மன்னன் வரவில்லை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை வீழ்த்திய பிலிப் த ஒலிவேறா 1621இல் கந்தசுவாமி கோயிலைத் தரைமட்டமாக்கினான். கற்கள் கோட்டை கட்டப் போயின. பழைய கோயில் இருந்த இடம் முத்திரைச் சந்தியில் இன்று புனித யாக்கோபு தேவாலயம் நிற்கும் நிலம் என்பர். போர்த்துக்கீசர் அங்கே ஆலயங் கட்டினர், அது ஒல்லாந்தரிடமும் பின் ஆங்கிலேயரிடமும் சென்றது. நம் திருநெல்வேலியிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். முருகனுக்கு 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் வேறிடத்தில், குருக்கள் வளவில், கோயில் எடுத்தார். அவர் அரசரல்லர், ஒல்லாந்தர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். அங்கே வந்து குவிந்தது ஊராரின் பிடியரிசியும் உழைப்பும்.

திருக்கேதீச்சரம் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தது. போர்த்துக்கீசர் காலத்தில் அழிந்த அக்கோயிலின் நிலத்தைக் காடு மூடியது; ஆங்கிலேயர் ஆட்சியில் அது முடிக்குரிய காணியாகக் கணக்கிடப்பட்டது. ஆறுமுக நாவலர் 1872இல் வெளியிட்ட "யாழ்ப்பாணச் சமயநிலை" என்னும் பிரசுரத்தில் அதனை மீட்குமாறு சைவ மக்களை வேண்டினார். 1879இல் அவர் மறைந்தார். 1893இல் அரசாங்கம் அந்தக் காணியை, நாற்பது ஏக்கருக்கு மேற்பட்டதை, பகிரங்க ஏலத்தில் விட்டது. சைவர்கள் பணந் திரட்டிப் போய், மற்றவர்களைப் போலவே விலை கூறி, தம் முன்னோர் பாடல்பெற்ற தலத்து நிலத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள்.