பதம் யார் வழியே வந்தது? கார்வேட்டிநகரமும் கர்நாடக இசையின் தொடர்பு வலையும்

புத்தூருக்கு மேற்கே மலைகளை ஒட்டி இருக்கிறது கார்வேட்டிநகரம். வேணுகோபால சுவாமி கோயிலும், படிகள் சூழ்ந்த ஸ்கந்த புஷ்கரணியும் பழைய சமஸ்தானத்தின் அடையாளங்களாக நிற்கின்றன. பொம்மராஜ பாளையம் என்றும் அறியப்பட்ட இந்த ஜமீனில் ஒரு காலத்தில் திருத்தணியும் அடங்கியிருந்தது. இசை வரலாற்று நூல்கள் இவ்வூருக்கு ஒதுக்கும் இடம் மிகக் குறைவு. சாரங்கபாணி இங்கே பதங்கள் இயற்றினார், கோவிந்தசாமையாவும் கூவனசாமையாவும் வர்ணங்கள் இயற்றினார்கள், ஜமீன்தார்கள் ஆதரித்தார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதங்களும் வர்ணங்களும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போய் நம்மை எட்டின என்பதை யாரும் நின்று கேட்பதில்லை.

கர்நாடக இசையில் எல்லாத் தரப்பினருக்கும் இடம் வேண்டும் என்ற பேச்சு இன்று வலுத்திருக்கிறது. வலுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் மேடையில் எத்தனை பேர், எந்தச் சாதி, எந்த மதம், ஆணா பெண்ணா என்ற கணக்கோடு நின்றுவிடுகிறது. என் வாதம் வேறு. இந்தக் கலையில் பல தரப்பினர் எப்போதும் இருந்தார்கள். யாரை யாரோடு சேர்ப்பது, யாரை எந்த மேடைக்கு அழைப்பது என்று முடிவு செய்யும் இடம்தான் காலத்துக்குக் காலம் மாறியது. அந்த இடத்தை ஆராயாமல் தலைகளை மட்டும் எண்ணினால் நோய் இருக்கும் இடம் தெரியாது. கார்வேட்டிநகரத்தின் சங்கதி இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சான்றை ஆவணங்களில் தேடுவதற்கு முன் இசை உருப்படியின் அமைப்பிலேயே தேடலாம். பதவர்ணம் என்னும் சௌக வர்ணத்தை எடுத்துக்கொள்வோம். தான வர்ணத்தில் முக்தாயி ஸ்வரத்துக்கும் எத்துகட ஸ்வரங்களுக்கும் சாகித்தியம் கிடையாது. பதவர்ணத்தில் அவை அனைத்துக்கும் சாகித்தியம் உண்டு. காரணம் வெளிப்படை. ஸ்வரத்தைப் பாடும்போது காலால் ஜதி ஆட வேண்டும், அதே இடத்தைச் சாகித்தியமாகப் பாடும்போது கையாலும் முகத்தாலும் அபிநயம் பிடிக்க வேண்டும். சௌக காலத்தில் ஓர் ஆவர்த்தனம் நகர்வதற்குள் ஆடுபவர் ஒரே சொல்லுக்குப் பல பாவங்களைக் காட்டிவிடலாம். அதற்கு இடம் விட்டே தாதுவும் (இசை) மாதுவும் (சொல்) அமைந்திருக்கின்றன. ஆட ஒருவர், தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்ய ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர் என்று சின்ன மேளம் முழுவதும் எதிரே நின்றால்தான் இப்படி ஒரு உருப்படியைக் கற்பனை செய்யவே முடியும். கோவிந்தசாமையா மோகனத்திலும் கேதாரகௌளையிலும் நவரோஜிலும் வர்ணம் செய்தார் என்றால், அவற்றை ஆடிக் காட்டக்கூடியவர்கள் அவர் கண்ணெதிரே இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் தேவதாசி மரபுப் பெண்களாகவும் அவர்களின் நட்டுவனார்களாகவும்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் நம்மிடம் இல்லை. ஆனால் அவர்களுடைய உழைப்பு உருப்படியின் எலும்புக்கூட்டிலேயே பதிந்திருக்கிறது.

சாரங்கபாணியின் பதங்களும் இதையே சொல்கின்றன. ‘வேணுகோபால’ என்பது அவருடைய முத்திரை. க்ஷேத்ரய்யாவின் பதங்களைவிடப் பேச்சுத் தெலுங்குக்கு நெருக்கமான நடை அவருடையது. நாயகியும் சகியும் பேசுவதாக ஆண் ஒருவர் எழுதினார், அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுத்தவர்கள் பெண்கள். எழுதியவர் அரண்மனைப் புலவர், பாடியவர் வேறொரு சமூகத்தவர், கேட்டவர் ஜமீன்தார், கருப்பொருளாக நின்றது கோயில் மூர்த்தி. இந்த நான்கில் ஒன்று விலகினாலும் பதம் இல்லை.

இந்தக் கலப்பைச் சமத்துவம் என்று நான் சொல்லவில்லை. அரண்மனை வலையில் எல்லோரும் இருந்தார்கள், ஆனால் எல்லா முடிச்சும் ஒருவர் கையில் இருந்தது. ஜமீன்தாரின் மனம் மாறினால், கடன் முற்றினால், வாரிசு வழக்கு எழுந்தால் கலைஞரின் பிழைப்பு போயிற்று. பெண்களின் நிலை அதனினும் மோசம். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டிக்கும், அந்த முறையின் கொடுமையை உள்ளிருந்தே கண்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருக்கும் வலுவான காரணங்கள் இருந்தன. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது சரியே. வருந்த வேண்டியது இதற்குத்தான்: அந்தப் பெண்களைப் பழைய கட்டிலிருந்து விடுவித்தவர்கள், புதிய மேடைகளில் அவர்களுக்கு ஓர் இடத்தை உறுதி செய்யவில்லை.

கார்வேட்டிநகரத்து வர்ணகாரர்களைப் பற்றிய செய்தி நம்மை எட்டிய வழியும் கவனிக்கத்தக்கது. அவர்களைக் குறித்துவைத்தவர் சுப்பராம தீட்சிதர். அவருடைய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்தில் அச்சாயிற்று. தெலுங்கு லிபியில் வந்த அந்தப் பெருநூல் உருவாகத் தூண்டுகோலாக இருந்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர், சென்னைச் செயலகத்தில் பணிபுரிந்தவர், நம் இசையை மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பில் வெளியிட 1890களில் பெருமுயற்சி எடுத்தவர். தம் குடும்பச் சொத்தாக இருந்த பாடாந்தரத்தை வெளியிடத் தயங்கிய தீட்சிதரை இணங்கவைக்க அவர் எட்டயபுரம் மன்னரை நாடினார். ஒரு கிறிஸ்தவரின் பிடிவாதம், ஒரு ஜமீனின் பணம், ஒரு வைதிகக் குடும்பத்தின் நினைவு என்ற மூன்றும் கூடிய இடத்தில்தான் இன்று நாம் மரபின் ஆதாரமாகக் கொண்டாடும் நூல் பிறந்தது. மரபு தூய்மையாகத் தனித்து வந்தது என்பவர்கள் அந்நூலின் பிறப்பை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் அந்நூல் வாக்கேயகாரர்களின் வரலாற்றைத்தான் சொல்ல வந்தது. பாடியவர், ஆடியவர் வரலாறு அதன் நோக்கம் அன்று. அச்சில் ஏறியவர்கள் முன்னோர் ஆனார்கள், ஏறாதவர்கள் மறைந்தார்கள்.

கார்வேட்டிநகரம் அடங்கிய சித்தூர் வட்டாரத்தை 20ஆம் நூற்றாண்டோடு இணைக்கும் முடிச்சு காஞ்சிபுரத்தில் இருந்தது. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) இசையே குலத்தொழிலான வீட்டில் பிறந்தவர். பாடகி தனகோடி அம்மாள் அவருடைய தாயின் சகோதரி. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லய வாத்தியங்கள் வரிசையாக உட்கார, ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர் என்று இன்றும் பேசப்படுகிறார். அவரிடம் பயின்றவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தாவும் அவரிடம் பயின்றார். சித்தூர்க்காரரும் தனம்மாள் வீட்டுப் பெண்ணும் ஒரே குருவின் பிள்ளைகளானது தற்செயல் அன்று. குலத்தொழில் கலைஞர்களுக்குள் குருவாகவும் உறவாகவும் பின்னப்பட்ட வலை ஊருக்கு ஊர் ஓடியது. க்ஷேத்ரய்யா பதங்களும் சாரங்கபாணி பதங்களும் தனம்மாள் குடும்பத்தில் தங்கி, பிருந்தா-முக்தா சகோதரிகளின் குரலிலும் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் அபிநயத்திலும் நமக்குக் கிடைத்தது இந்த வலையால்தான்.

பிருந்தா தம் வீட்டுச் செல்வத்தைப் பூட்டி வைக்கவில்லை. ராம்நாட் கிருஷ்ணன் அவரிடம் பதங்கள் கற்றார், அருணா சாயிராம் கற்றார். பாடம் சாதியைத் தாண்டித் தாராளமாகப் போயிற்று. எதிர்த்திசையில் மேடை அதே தாராளத்தோடு வரவில்லை. சுப்பிரமணிய பிள்ளைக்கு 1954இலும் பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது உண்மை. ஆயினும் பட்டம் ஒரு நாள் சங்கதி, கச்சேரி வாய்ப்பு ஆண்டு முழுவதும் நடக்கும் சங்கதி. இந்தக் குலத்தொழில் மரபைச் சேர்ந்த இசை வேளாளர் வீட்டுப் பெண்கள் அடுத்தடுத்த தலைமுறைகளில் மேடையிலிருந்து எப்படி விலகிப்போனார்கள் என்பதைப் பட்டங்களின் பட்டியல் சொல்லாது.

சபாக்கள் வந்தபோது முடிச்சுப் போடும் கை மாறியது. டிக்கெட் வாங்கியவர் எவரும் கேட்கலாம் என்பதால் சபா வெளிப்பார்வைக்கு அரண்மனையைவிடத் திறந்த இடம். பாடுவதற்கோ, செயலாளரைத் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாத்தியக்காரர் உடன்பட வேண்டும். சென்னை இசை சீசனில் எந்த ஸ்லாட் என்பதை யாரோ பரிந்துரைக்க வேண்டும். பாலக்காடு மணி ஐயர் போன்ற மேதையே நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்காமல் இருந்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். அவர் வாசிக்க வேண்டுமானால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும், அதற்கே எதிர்ப்பு எழுந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் நின்றார். பின்னாளில் கிறிஸ்தவரான ஜேசுதாஸைச் சீடராக ஏற்றவரும் அதே செம்பைதான். செல்வாக்குள்ள ஒருவர் தம் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கதவு திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒரு நல்ல மனிதரின் பிடிவாதத்தை நம்பி ஒரு கலை நடக்கக் கூடாது.

பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை நம்பவில்லை. முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ நூலை 1910இல் பதிப்பித்துத் தடையைச் சந்தித்தவர் அவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் பொருளால் கட்டியெழுப்பிய பின்னும் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றபோது, பெண்களுக்கென்று தனி ஆராதனையே நடத்தினார். 1941இல், பிரிந்து ஆராதனை நடத்திவந்த தரப்புகள் ஒன்றுசேர்ந்தபோது பெண்களும் பாடினார்கள். கெஞ்சிக் கேட்டு வந்த இடம் அன்று அது. இணையான ஒரு மேடையைக் கட்டி நடத்திக் காட்டியதால் பெரிய மேடை வழிக்கு வந்தது.

மேல்நாட்டு இசைக்குழுக்களில் இதே பிணிக்கு வேறு மருந்து கண்டார்கள். அமெரிக்க இசைக்குழுக்கள் 1970களிலிருந்து திரைக்குப் பின்னே வாசிக்கவைத்துத் தேர்வு செய்யத் தொடங்கின. பெண்கள் எண்ணிக்கை உயர்ந்ததில் அதற்குப் பங்கு உண்டு. வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்ணை உறுப்பினராக ஏற்கவே 1997 வரை ஆயிற்று. அந்தத் திரையை அப்படியே நம் இசைக்குக் கொண்டுவர முடியாது. அங்கே ஒருமுறை தேர்வானால் நிரந்தர வேலை. இங்கே ஒவ்வொரு கச்சேரியும் தனித் தேர்வு, ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் தேர்வு. அகில இந்திய வானொலியில் 1950களில் வந்த ஆடிஷன் முறைதான் நம்மிடம் இருக்கும் திரை: நடுவர்கள் பாடுபவரைப் பார்ப்பதில்லை, ஒலியை மட்டும் கேட்பார்கள். அதற்கு அன்று பெரிய வித்வான்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. ஆயினும் யாரையும் தெரியாத சிற்றூர்க் கலைஞர் ஒருவர் ‘பி-ஹை’ என்றோ ‘ஏ’ என்றோ தரம் பெற்று, அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டிப் பிழைக்க வழி செய்தது அந்த முறைதான். சபாக்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது போதாது.

நாகஸ்வரத்தின் கதை இன்னும் கூர்மையானது. ஆந்திரத்தின் கரவதியிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம்-துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைப் பயின்றார், 1998இல் சங்கீத கலாநிதி ஆனார். அவருடைய சீடர்களான ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி மஹபூப் தம்பதியர் 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார்கள். முஸ்லிம் தம்பதியர், அதிலும் ஒரு பெண் நாகஸ்வரக் கலைஞர். தலைகளை எண்ணுவோர்க்கு இது பெருமையான செய்தி. ஆனால் சீசனில் நாகஸ்வரத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது தொடக்க விழாவின் மங்கள இசை. மாலை நேரத்து முழுக் கச்சேரி அரிது. ஆளை ஏற்றாலும் வாத்தியத்தை வாசலிலேயே நிறுத்தும் பழக்கம் இது.

கார்வேட்டிநகரத்துக்கு இன்று மிக அருகில் உள்ள முடிச்சு திருப்பதி. 1959 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரி அங்கே இயங்குகிறது. வாய்ப்பாட்டு, வாத்தியம், நாட்டியம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது பழைய அரண்மனைக்குப் பின் அபூர்வமாக வாய்க்கும் சேர்க்கை. திருமலையின் நாத நீராஜனம் மேடையில் நாள்தோறும் நிகழ்ச்சி நடக்கிறது, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தொலைக்காட்சி அதை வீடுகளுக்குக் கொண்டுபோகிறது. கார்வேட்டிநகரத்து வேணுகோபாலர் கோயிலும் அதே தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆக, கல்லூரி, மேடை, கோயில் என்ற மூன்று முடிச்சும் ஒரே கையில்.

அந்தக் கை செய்யக்கூடியது நிறைய உண்டு. வேணுகோபாலர் உற்சவத்தில் ஒரு மாலையைச் சாரங்கபாணி பதங்களுக்கும் கோவிந்தசாமையா வர்ணங்களுக்கும் ஒதுக்கலாம். பாடுபவரும் ஆடுபவரும் நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து பழகி மேடையேறலாம். யாரை அழைப்பது என்பதை ஒரு அதிகாரியின் அறிமுகத்துக்கு விடாமல், பெயர் நீக்கிய ஒலிப்பதிவைக் கேட்டு முடிவு செய்யலாம், தேர்ந்தெடுத்த முறையையும் வெளியிடலாம். குலத்தொழில் குடும்பங்களில் இன்னும் இருக்கும் மூத்த பெண்களிடமிருந்து பாடாந்தரத்தைச் சம்பளம் கொடுத்துக் கேட்டுப் பதிவு செய்து, அவர்கள் பெயரிலேயே காப்பகத்தில் வைக்கலாம். அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகளுக்குத் தேவஸ்தானம் செய்த பணியோடு ஒப்பிட்டால் இது சிறிய வேலை. செப்பேடு காத்திருந்தது, மனித நினைவு அப்படிக் காத்திருக்காது. இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.